மச்சமும் மாற்றமும்: தோல் புற்றைத் தொடக்கத்தில் அறிதல் பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பள்ளிகள் வழங்கும் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. வலது முன்கையில் ஒரு கறுப்பு மச்சம், இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று ஆசிரியர் பார்த்து எழுதும் அந்த இரண்டு வரிகளே பெரும்பாலோரின் வாழ்வில் அவர்களுடைய மச்சங்களைப் பற்றிய முதலும் கடைசியுமான எழுத்துப் பதிவு. மச்ச சாஸ்திரம் மச்சம் இருக்கும் இடத்தைக் கொண்டு பலன் சொல்கிறது. சான்றிதழ் அதே இடத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்கிறது. இரண்டும் மச்சம் மாறாதது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. மருத்துவமோ அது மாறக்கூடியது என்ற ஐயத்திலிருந்து தொடங்கி, சென்ற ஆண்டு இருந்தபடியே இந்த ஆண்டும் இருக்கிறதா என்று கேட்கிறது. மெலனோமா என்னும் தோல் புற்றை அது பரவுவதற்கு முன்பே பிடித்துவிட முடியுமா என்பது குறித்துக் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் அனைத்தும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்துள்ளன. அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி வெள்ளைத் தோலின் மேல் நடந்தவை என்பதையும், அவற்றிலிருந்து பிறந்த விதிகளை அப்படியே எடுத்துக் கருந்தோலின் மேல் வைத்துப் பார்த்தால் கண் தவறான இடத்தைத் தேடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்குபவை, மேல்தோலின் அடிவரிசையில் ஆங்காங்கே அமர்ந்திருக்கும் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள். இச்செல்கள் ஓரிடத்தில் திரண்டு, ஓரளவு பெருகி, பின் நின்றுவிட்டால் அது மச்சம். நிற்காமல் பெருகி, மேல்தோலைக் கடந்து அடித்தோலுக்குள் இறங்கி, நிணநீர் வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் நுரையீரல், கல்லீரல், மூளை என்று பிற உறுப்புகளை அடைந்தால் அது மெலனோமா. இரண்டுக்கும் இடையே உள்ள உறவு, பார்ப்பதற்குத் தோன்றுவதைவிடச் சிக்கலானது. பிராஃப் என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு மெலனோமாக்களில் பாதியளவில் காணப்படுவதாக 2002 இல் அறியப்பட்டது; மறு ஆண்டே அதே பிறழ்வு தீங்கற்ற சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது தெரியவந்தது. அப்படியானால் மச்சம் என்பது புற்றின் பாதையில் முதல் அடியை எடுத்து வைத்து, செல்லின் உள்ளிருக்கும் கட்டுப்பாடுகளால் அங்கேயே தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு திரட்சி என்று கொள்ளலாம். நிறுத்தப்பட்டவை அநேகமாக அப்படியே நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் 2003 இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஒரு மச்சம் ஓராண்டில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு 2 லட்சத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ ஆகும். 60 வயதைக் கடந்த ஆண்களிடம் அது ஏறத்தாழ 33,000 இல் ஒன்று. இதுவும் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டின் கணக்கு.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு எண் 2017 இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் கிடைக்கிறது. மெலனோமாக்களில் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து கிளைத்தவை 29 விழுக்காடுதான்; எஞ்சியவை வெறுந்தோலில் புதிதாக முளைத்தவை. ஆகவே, வருமுன் காப்போம் என்று உடம்பிலுள்ள மச்சங்களையெல்லாம் எடுத்துவிடுவதால் பயன் இல்லை என்பதும், இருக்கும் மச்சங்களை மட்டும் கண்காணித்தால் போதாது என்பதும் ஒருங்கே தெளிவாகின்றன. மச்சங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் உண்டு. நூற்றுக்கு மேல் மச்சம் உள்ளவர்களுக்கு, பதினைந்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு ஆபத்து இருப்பதாக ஐரோப்பிய இனத்தவரிடையே நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அது அந்த ஆளின் தோலைப் பற்றிய செய்தி. எந்த மச்சம் என்று அது சுட்டுவதில்லை. நாற்பது வயதுக்குமேல் ஒருவர் உடம்பில் புதிதாகத் தோன்றி வளரும் ஒரு கரும்புள்ளி, சிறுவயது முதல் இருக்கும் பத்து மச்சங்களைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது.

எதைப் பார்ப்பது என்பதற்கு முதன்முதலாகப் பொதுமக்களுக்கும் புரியும்படி ஒரு சூத்திரம் வகுத்தவர்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், ரீகல், காப்ஃப் ஆகிய மருத்துவர்கள். 1985 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகளும் நான்கு அறிகுறிகளாயின. மச்சத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இரு பாதிகளும் ஒத்துப்போகாமை முதலாவது; விளிம்பு ஒழுங்கின்றித் தேசப்படத்தின் கரையோரம் போல் நெளிந்திருத்தல் இரண்டாவது; ஒரே மச்சத்துக்குள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, நீலம், வெளுப்பு எனப் பல நிறங்கள் கலந்திருத்தல் மூன்றாவது; விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்புறமுள்ள ரப்பரைவிடப் பெரிதாக இருத்தல் நான்காவது. அதுவரை மெலனோமா என்றால் புண்ணாகி, ரத்தம் கசிந்து, கட்டியாக எழும்பிய நிலையையே மருத்துவர்களும் எதிர்பார்த்திருந்த காலம். அந்த நிலைக்கு வெகுமுன்னதாக, தட்டையான ஒரு புள்ளியாக இருக்கும்போதே அதை ஐயுற வேண்டும் என்று இச்சூத்திரம் கற்பித்தது. அதன் பெரும் பயனும் அதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ரோனா மெக்கி தலைமையில் ஏழு அம்சங்கள் கொண்ட வேறொரு பட்டியல் உருவாயிற்று. அளவும் வடிவமும் நிறமும் மாறுவதற்கு அது முதன்மை தந்தது. நியூயார்க் சூத்திரத்தில் மாற்றம் என்ற ஐந்தாவது எழுத்து 2004 இல்தான் சேர்ந்தது. முதலில் வந்திருக்க வேண்டியது கடைசியில் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

நான்கு எழுத்துகளும் ஓர் அசையாப் படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவை. அவற்றின் பலவீனமும் அதில்தான் உள்ளது. வயதானவர்களின் முதுகிலும் நெற்றியோரத்திலும் மெழுகை ஒட்டவைத்தாற்போல் எழும்பும் சொரசொரப்பான தீங்கற்ற தடிப்புகள் இந்த நான்கு அறிகுறிகளையும் ஒருசேரக் காட்டி வீண் அச்சத்தைத் தரும். முடிச்சுவகை மெலனோமாவோ எந்த எழுத்துக்கும் பிடிகொடுக்காமல், சிறியதாக, வட்டமாக, ஒரே நிறமாக, சில சமயம் கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்புப் பரு போலத் தோன்றி, சில வாரங்களிலேயே ஆழத்தில் இறங்கிவிடும். இதனால் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் தோலிலிருந்து மேடாக எழும்புதல், தொட்டால் கெட்டியாக இருத்தல், ஒரு மாதத்துக்கு மேலாக இடைவிடாமல் வளர்தல் என்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டனர். எழுத்துகள் இவ்வாறு கூடிக்கொண்டே போவது, ஒரு சூத்திரத்தின் வலிமையைவிட அதன் போதாமையையே காட்டுகிறது.

பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த குரோப், பொனெராந்தி என்ற இரு மருத்துவர்கள் 1998 இல் இதற்கு வேறு ஒரு வழி காட்டினர். ஆண்டர்சனின் கதையில் வரும் அழகற்ற வாத்துக்குஞ்சின் பெயரால் வழங்கும் அந்த வழி மிக எளியது. ஒருவர் உடம்பிலுள்ள மச்சங்களுக்குள் ஒரு குடும்பச் சாயல் இருக்கும். சிலருக்கு அவை எல்லாமே மிளகளவில் கறுப்பாக இருக்கும், சிலருக்கு எல்லாமே வெளிர்பழுப்பில் தட்டையாக இருக்கும். அந்தச் சாயலில் சேராமல் தனித்து நிற்கும் ஒன்று, தன்னளவில் எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும் ஐயத்துக்கு உரியது. அளவுகோலும் எழுத்தும் வேண்டாத இந்த ஒப்பீடு, ஒரு மச்சத்தைத் தனியே உற்றுப் பார்ப்பதைவிட முழுத்தோலையும் ஒருமுறை பார்ப்பதை வற்புறுத்துகிறது. இதுவரை வந்தவற்றுள் எந்த நிறத்துத் தோலுக்கும் ஓரளவு பொருந்தக்கூடிய விதி இதுவே எனலாம்.

ஏனெனில் மற்ற விதிகள் வெயில் படும் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுந்தவை. ஆஸ்திரேலியாவில் 1956 இல் லங்காஸ்டர் என்ற புள்ளியியலாளர், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஐரோப்பிய இனத்தவரிடம் மெலனோமா மரணங்கள் கூடுவதைக் காட்டிய நாள்தொட்டு, இந்நோயின் கதை புறஊதாக் கதிரின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. வெள்ளையரைப் பொறுத்தவரை அது சரி. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாம்பர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் நடந்த சோதனையில், நாள்தோறும் வெயில்தடுப்புக் களிம்பு பூசச் செய்யப்பட்டவர்களிடம், பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது 11 மெலனோமாக்களும், விருப்பம்போல் பூசிக்கொண்டவர்களிடம் 22 மெலனோமாக்களும் காணப்பட்டன. கருந்தோலில் மெலனின் தானே ஒரு குடையாக நிற்பதால் இந்த வகைப் புற்று மிக அரிதாகிறது. இந்தியப் பதிவேடுகளில் மெலனோமா ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் குடைக்குக் கீழே வராத ஒரு வகை இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் அந்த வகையை அங்கநுனி மெலனோமா என்று குறிக்கலாம். 2017 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெலனோமாக்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தபோது, இந்த வகையில் வெயிலின் கைரேகை பெரும்பாலும் காணப்படவில்லை. இது எல்லா இனத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வருகிறது. அமெரிக்கப் பதிவேட்டின் இருபதாண்டுத் தரவுகளைத் தொகுத்த 2009 ஆம் ஆண்டு ஆய்வின்படி 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 1.8. மற்ற வகைகள் அரிதாக இருப்பதால், கறுப்பினத்தவரின் மெலனோமாக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுவாகிவிடுகிறது. கருந்தோலுக்கு இது கூடுதலாக வருகிறது என்று பலரும் எழுதுவது இந்த விகிதத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு.

பாப் மார்லியின் மரணம் இந்த வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. ஜமைக்காவின் இசைக்கலைஞரான அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் 1977 இல் கண்டறியப்பட்ட மெலனோமா, முதலில் கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயமாகவே கருதப்பட்டது; 1981 மே 11 அன்று, 36 ஆம் வயதில், நோய் உடலெங்கும் பரவிய நிலையில் அவர் இறந்தார். அப்படிக் கருதியதைப் பேதைமை என்று சொல்ல முடியாது. காலில் அடிபட்டால் நகத்தடியில் ரத்தம் கட்டிக் கறுப்பதைப் பார்க்காதவர் இல்லை. ரத்தக் கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகரும் என்பதே வேறுபாடு. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும் கால்நகம் அதில் பாதியும் வளர்வதால், இரண்டு மாதங்களில் கறைக்கும் நகத்தின் அடிக்கும் இடையே சுத்தமான நகம் தெரியத் தொடங்கும். நகரவே நகராமல் அடியிலிருந்து நுனிவரை நீளும் கரும்பட்டை வேறு வகை. கருந்தோல் கொண்டவர்களுக்கு வயது ஏற ஏறப் பல நகங்களில் இத்தகைய பழுப்புக் கோடுகள் தோன்றுவது இயல்பு. வயது வந்தவரின் ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாகத் தோன்றி 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று வரும் பட்டையைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலிலும் படர்ந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. இந்தப் படர்வை 1886 இலேயே விவரித்த லண்டன் மருத்துவர் ஜொனதன் ஹட்சின்சன், இந்நோயைக் கறுப்பு நகச்சுத்தி என்ற பொருளில் பெயரிட்டழைத்தார். இன்றும் அது நகச்சுத்தியாகவே எண்ணப்பட்டு எலுமிச்சம்பழம் செருகப்படுவது அரிதல்ல.

உள்ளங்கால் இன்னும் நுட்பமான இடம். அங்குள்ள தோலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், உழுத வயல் போல மேடும் சாலும் இணைகோடுகளாக ஓடுவது தெரியும். மேட்டின் முதுகில் வியர்வைத் துளைகள் வெண்புள்ளிகளாக வரிசையிட்டிருக்கும். ஜப்பானின் சைதா தொஷியாகியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இந்த வயலைப் படித்து ஓர் அரிய உண்மையைக் கண்டனர். தீங்கற்ற மச்சத்தின் கறுப்பு சாலில் ஓடுகிறது. மெலனோமாவின் கறுப்பு மேட்டில் ஓடுகிறது. அவர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் கறுப்பு ஓடும் அமைப்பு தொடக்கநிலை மெலனோமாவில் 86 விழுக்காட்டளவில் காணப்பட்டது. தீங்கற்ற புள்ளிகளில் அது அநேகமாகக் காணப்படவேயில்லை. அளவும் நிறமும் விளிம்பும் பார்த்துத் தடுமாறும் இடத்தில் இவ்வளவு தெளிவான ஒரு குறி கிடைப்பது மருத்துவத்தில் அடிக்கடி நிகழ்வதன்று. சாயங்கள் மேட்டிலேயே ஒட்டுவதால் மருதாணி இட்ட காலில் இந்தக் குறி பொய்க்கக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர் மறக்காமலிருக்க வேண்டும். அதே ஜப்பானில் 2016 இல் வந்த மற்றோர் ஆய்வு, உள்ளங்கால் மெலனோமாக்கள் குதிகாலிலும் முன்பாதத்திலும், அதாவது உடலின் எடை தாங்கும் இடங்களில், மிகுந்து காணப்படுவதைக் காட்டியது. ஓயாத அழுத்தத்துக்கு இதில் பங்கு இருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது.

எடை தாங்கும் இடத்தில் வரும் தடிப்பைத் தமிழில் கால் ஆணி என்கிறோம். அதற்கு மருந்துக்கடையில் ஒட்டுப்பட்டை வாங்கி ஒட்டுவதும், பிளேடால் சீவிவிடுவதும் வழக்கம். நிறமற்ற மெலனோமா சில சமயம் சிவந்த சதைப்புண்ணாகத் தோன்றுவதால், சர்க்கரை நோய் உள்ளவரிடம் அது ஆறாத சர்க்கரைப் புண்ணாகக் கணிக்கப்பட்டு மாதக்கணக்கில் கட்டுப் போடப்படுவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகே பெரிய மருத்துவமனைக்கு வந்துசேரும்போது, புற்று நிணநீர்க் கணுக்களை ஏற்கெனவே அடைந்திருக்கும். அமெரிக்காவில் மெலனோமா கண்ட வெள்ளையரில் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்க, கறுப்பினத்தவரில் அது 70 விழுக்காட்டளவிலேயே நிற்பதற்குக் காலதாமதமே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அரிய நோய் என்பதால் நோயாளியும் ஐயுறுவதில்லை, மருத்துவரும் ஐயுறுவதில்லை.

ஐயம் எழுந்தபின் செய்யவேண்டியவற்றில் கருத்து வேறுபாடு குறைவு. டெர்மாஸ்கோப் என்பது ஒளியும் உருப்பெருக்கியும் சேர்ந்த கையடக்கக் கருவி. தோலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கி அதன் கீழுள்ள நிறமி அமைப்பைக் காட்டுகிறது. பயிற்சி பெற்றவர் கையில் அது வெறுங்கண்ணைவிடத் துல்லியமானது என்பதை 2018 இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வுகள் உறுதிசெய்தன. அதற்குப் பின்னும் ஐயம் நீங்காவிட்டால், சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல தோலோடு அந்தப் புள்ளி முழுவதையும் எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று தமிழ்நாட்டில் ஊன்றிப்போயிருக்கும் அச்சத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை. மெலனோமா பரவுவது கத்தியால் அல்ல, ஆழத்தால். அமெரிக்க நோய்க்குறியியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970 இல், மேல்தோலின் மேற்பகுதியிலிருந்து புற்றின் மிக ஆழமான செல்வரையுள்ள தடிமனை மில்லிமீட்டரில் அளந்து, நோயாளியின் பிற்காலத்தை அந்த ஓர் எண்ணே பெரிதும் முன்னறிவிப்பதைக் காட்டினார். புண்ணாகாமல், 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனில் பிடிபட்டவர்களில் பத்தாண்டுகளுக்குப் பின்னும் இந்நோயால் இறக்காதவர்கள் 98 விழுக்காடு; நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாதபோதும், 4 மில்லிமீட்டரைக் கடந்து புண்ணும் ஆனவர்களிடம் அது 75 ஆகக் குறைகிறது. 0.8 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு வங்கி அட்டையின் தடிமனை ஒத்தது. தொடக்கத்திலேயே கண்டறிதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த அட்டையின் தடிமனுக்குள் பிடிப்பதைத்தான்.

இவ்வளவு தெளிவான ஆதாயம் இருக்கும்போது, ஊரையே நிறுத்தி எல்லோருடைய தோலையும் பார்த்துவிடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஜெர்மனி அதைச் செய்து பார்த்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2003 முதல் 2004 வரை 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தோல் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் அங்கே மெலனோமா மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாகத் தெரிந்தது. 2008 இல் 35 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஈராண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்று நாடு முழுவதற்கும் திட்டம் விரிந்தது. நாட்டளவில் எதிர்பார்த்த சரிவு வரவில்லை. முன்னோடி மாநிலத்திலும் மரண விகிதம் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, அறிகுறி இல்லாதவர்களுக்குத் தோல் பரிசோதனை செய்வதை ஆதரிக்கவோ எதிர்க்கவோ போதிய சான்று இல்லை என்று 2009, 2016, 2023 ஆகிய மூன்று முறையும் ஒரே தீர்ப்பையே அளித்தது.

சான்று இல்லாமை மட்டுமே சிக்கலன்று. அமெரிக்காவில் மெலனோமா கண்டறியப்படும் விகிதம் நாற்பதாண்டுகளில் ஆறு மடங்காகியும் மரண விகிதம் பெரும்பாலும் மாறாமல் இருந்ததை, வெல்ச், மேசர், ஆடம்சன் ஆகியோர் 2021 இல் சுட்டிக்காட்டினர். நோய் உண்மையிலேயே அவ்வளவு பெருகியிருந்தால் மரணமும் கூடியிருக்கும். ஆகவே தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய புள்ளிகள் பெருமளவில் புற்று என்று பெயரிடப்படுகின்றன என்பது அவர்கள் வாதம். மிகைநோயறிதல் எனப்படும் இந்த நிலைக்கு நுண்ணோக்கியின் அடியிலும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பத்து மாநிலங்களைச் சேர்ந்த 187 நோய்க்குறியியலாளர்களிடம் ஒரே திசுத் துண்டுகளைக் கொடுத்து நடத்திய 2017 ஆம் ஆண்டு ஆய்வில், சாதாரண மச்சத்திலும் முற்றிய மெலனோமாவிலும் அவர்கள் ஒத்துப்போயினர். நடுவிலுள்ள ஐயத்துக்குரிய வகைகளிலோ பாதிப்பேர்கூட நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போகவில்லை. இந்த வாதங்களையெல்லாம் எடைபோட்டால், எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பதற்கு நியாயம் இல்லை என்ற முடிவே சரியாகப் படுகிறது. ஆனால் பொதுப் பரிசோதனைக்கு எதிரான சான்று, மாறிவரும் ஒரு புள்ளியைக் காட்ட வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கான சான்று ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது. அமெரிக்காவின் விவாதம் மிகையாகப் பார்ப்பதைப் பற்றியது. தமிழ்நாட்டின் குறை பார்க்காமலே இருப்பது.

கைப்பேசியில் மச்சத்தைப் படமெடுத்தால் புற்றா இல்லையா என்று சொல்லும் செயலிகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 1,29,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி, 21 தோல் மருத்துவர்களுக்கு ஈடாகக் கணித்ததாக 2017 இல் வந்த செய்தி உலகெங்கும் பரவியது. படத்தில் அளவுகோல் வைக்கப்பட்டிருந்தால் அதைப் புற்று என்று சொல்லும் சாய்வு அந்தக் கணினிக்கு இருந்ததை, அதே குழுவினர் மறு ஆண்டு எழுதியது அந்த அளவுக்குப் பரவவில்லை. மருத்துவர்கள் ஐயுறும் புள்ளிக்குத்தானே அளவுகோல் வைத்துப் படமெடுப்பார்கள்! பயிற்றுவிக்கும் படங்களில் கருந்தோல் மிகக் குறைவு என்பது அதனினும் பெரிய குறை. கைப்பேசியின் உண்மையான பயன் தீர்ப்பில் இல்லை, நினைவில் இருக்கிறது. ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் மருத்துவருக்கு எந்தச் செயலியையும்விட நல்ல சாட்சி.

இந்தியத் தோலில் மெலனோமாவைவிட மிகுந்து வருவது, மேல்தோலின் பிற செல்களில் பிறக்கும் செதிள் செல் புற்று. அது மச்சத்தில் வருவதில்லை. நெடுநாள் உரசலுக்கும் சூட்டுக்கும் புண்ணுக்கும் ஆளான தோலில் வருகிறது. காஷ்மீரில் குளிர்காலத்தில் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கடி என்ற கனல்சட்டி, தொடையிலும் அடிவயிற்றிலும் உண்டாக்கும் புற்று நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டது. சேலைக்குள் இறுக்கிக் கட்டும் பாவாடை நாடா இடுப்பில் ஏற்படுத்தும் தழும்பு, அரிதாக ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறுவதை மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய தீப்புண் தழும்பில் எழும் புண்ணும் இந்த வகையே. தோலைச் சோதித்துக்கொள்ள நினைப்பவர், கறுப்பை மட்டும் தேடாமல், நான்கு வாரமாகியும் ஆறாத எந்தப் புண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மச்சத்துக்கும் மருவுக்கும் தமிழ்நாட்டில் நடக்கும் வீட்டு வைத்தியங்கள் இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல். தலைமுடியால் சுருக்கிட்டுக் கட்டுவதும், சுண்ணாம்போடு சலவைச் சோடாவைக் குழைத்து வைத்துச் சுடுவதும், கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வதும் தலைமுறைகளாக நடப்பவை. கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் தோல் மருவுக்கு இவற்றால் பெரிய கேடில்லை. உப்பு மிளகு வேண்டுதலால் எந்தக் கேடும் இல்லை. கேடு வருவது, இன்னதென்று அறியாத ஒரு கரும்புள்ளியைச் சுட்டு மேற்பரப்பை மட்டும் அழித்துவிடும்போது. அடியில் உள்ளது வளர, மேலே தழும்பு அதை மறைத்துக்கொள்கிறது. அழகு நிலையங்களில் மின்சூட்டுக் கருவியாலும் லேசராலும் மச்சம் நீக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. எரிக்கப்பட்ட திசுவை எந்த நுண்ணோக்கியாலும் படிக்க முடியாது.

மாதம் ஒருமுறை குளித்து முடித்த கையோடு, இரு பாதங்களையும் திருப்பி, விரலிடுக்குகளை விரித்து, இருபது நகங்களையும் உள்ளங்கைகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். குனிய முடியாத முதியவர்களுக்கும், பாத உணர்ச்சி குன்றிய சர்க்கரை நோயாளிகளுக்கும் வீட்டிலிருப்பவர்கள் பார்க்கலாம். புதிய கரும்புள்ளியோ, அகலும் நகப்பட்டையோ, மச்சங்களின் குடும்பச் சாயலில் சேராத ஒன்றோ தென்பட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், எடுக்கப்படும் துண்டு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். அறிக்கை வந்ததும் அதன் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.